விமானிக்குச் சங்கம் எதற்கு: நாகலூரிலிருந்து வந்த கேள்விக்கு ஒரு பதில்

ஏற்காடு நாகலூரில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடமிருந்து முந்தாநாள் எனக்கு ஒரு நீண்ட கடிதம் வந்தது. அவருடைய தங்கை மகன் ஒரு தனியார் விமான நிறுவனத்தில் துணை விமானியாக இருக்கிறார். தொடர்ந்து இரண்டு இரவுகள் பறந்த பிறகு மூன்றாம் இரவும் பணிப்பட்டியலில் பெயர் வந்ததால், உடல் களைத்திருக்கிறது, பாதுகாப்பாகப் பறக்கும் நிலையில் இல்லை என்று முறைப்படி எழுதிக் கொடுத்துவிட்டு அந்தப் பயணத்திலிருந்து விலகியிருக்கிறார். சில நாட்களில் 'உத்தரவுக்குக் கீழ்ப்படியாமை' என்று குறிப்பிட்டு, ஏழு நாளில் விளக்கம் தரும்படி நிர்வாகத்திடமிருந்து மெமோ வந்துவிட்டது. அதே நேரத்தில், ஊதிய முறையை மாற்றும் புதிய ஒப்பந்தம் ஒன்றும் கையெழுத்துக்காக வந்திருக்கிறது. உடன் பணிபுரிபவர்கள் சங்கத்தில் சேரச் சொல்கிறார்கள். தாய்மாமன் என்ற முறையில் அவன் படிப்புக்காக நிலத்தில் ஒரு பகுதியை விற்ற பெரியவர், என்னிடம் கேட்டிருப்பது இதுதான்: "மாதம் லட்சக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவனுக்குச் சங்கம் எதற்கு? சங்கம் என்பது தோட்டக் கூலிக்கும் ஆலைத் தொழிலாளிக்கும்தானே? இவர்கள் நிர்வாகத்தோடு அடிக்கடி மோதுவது பணத்துக்காகத்தானே? இதில் சேர்ந்து பையன் வாழ்க்கையைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்று நான் சொல்வது தவறா?"

சேலம் தொழிலாளர் நீதிமன்றத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொழிலாளர் தரப்பில் வழக்காடியவன் என்பதால் என்னிடம் கேட்டிருக்கிறார். விமானிகள் வழக்குகளை நான் நேரடியாக நடத்தியதில்லை. ஆனால் அவர்களுக்கும் பொருந்துவது நான் பழகிய அதே சட்டம்தான். ஆகவே அவருக்குச் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

மேட்டூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில், கொதிகலனின் பாதுகாப்பு வால்வு சரியாக இல்லை என்று சொல்லி அதை இயக்க மறுத்த ஒருவருக்காகப் பல ஆண்டுகளுக்கு முன் நான் வாதாடியிருக்கிறேன். அவருக்கு வந்த மெமோவிலும் இருந்த சொற்கள் 'உத்தரவுக்குக் கீழ்ப்படியாமை' என்பவையே. அவர் கேட்டது கூலி உயர்வு இல்லை. பாதுகாப்பில்லாத வேலையைச் செய்ய மாட்டேன் என்று சொன்னதற்காகத் தண்டிக்கப்படக் கூடாது என்பது மட்டுமே. உங்கள் மருமகனுக்கு வந்த மெமோவைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்த வழக்குதான் நினைவுக்கு வந்தது. சேலத்திலிருந்து உங்கள் மலைக்கு ஏறும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. பிரேக் பிடிப்பு சரியில்லை, இந்த வண்டியை எடுக்க மாட்டேன் என்று ஓர் ஓட்டுநர் பணிமனையில் சொல்லி, அதற்காக அவரை இடைநீக்கம் செய்தால், அடுத்த நாள் வரும் ஓட்டுநர் வாயைத் திறக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போவார். அதன் விலையைக் கொடுப்பவர்கள் வண்டியில் இருக்கும் ஐம்பது பேர். விமானிகளின் ஒப்பந்தச் சண்டைகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஊதியம் பற்றிய பிரிவுகள்தான் செய்தியில் வருகின்றன. ஆனால் பறக்க மறுக்கும் உரிமையும், அதற்காகத் தண்டிக்கும் அதிகாரம் யாருக்கு, எந்த முறைப்படி என்பதும்தான் பயணியின் உயிரோடு ஒட்டிய பிரிவுகள். தனி ஒருவரால் அவற்றைப் பேசிப் பெற முடியாது.

சர்வதேச விமானப் போக்குவரத்து விதிகளின்படி, பறக்கும் விமானத்தைப் பற்றிய இறுதி முடிவு தலைமை விமானிக்குரியது. வானிலை, எரிபொருள், தரையிறங்குவதா திரும்புவதா என்பவற்றில் நிறுவனத் தலைவரின் உத்தரவுகூட அவரைக் கட்டுப்படுத்தாது. அதே மனிதர் தரைக்கு வந்ததும் ஒரு நிறுவனத்தின் ஊழியர். அவருடைய பணிப்பட்டியல், ஓய்வு, பதவி உயர்வு, எந்த ஊரில் தங்குவது என்பவை எல்லாம் மேலதிகாரி கையில். மேலே முழு அதிகாரமும் கீழே முழுக் கட்டுப்பாடும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்கும் வேலைகள் அதிகமில்லை. மேலே எடுத்த முடிவுக்குக் கீழே தண்டனை கிடைக்கும் என்று ஒருவருக்குத் தெரிந்தால், அடுத்த முறை மேலேயே அவர் கை தயங்கும்.

2010 மே 22 அன்று துபாயிலிருந்து மங்களூருக்கு இரவு முழுவதும் பறந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தாக்கில் விழுந்தது. அதிலிருந்த 166 பேரில் 158 பேர் இறந்தார்கள். விமானி அறையின் ஒலிப்பதிவில், தலைமை விமானி பயணத்தில் நெடுநேரம் உறங்கியிருந்தது தெரியவந்தது. விமானம் சரியான உயரத்தில் இல்லை, தரையிறங்காமல் மேலே எழும்பிச் சுற்றி வருவோம் என்று துணை விமானி மூன்று முறை சொன்னதும் பதிவாகியிருக்கிறது. தலைமை விமானி ஏற்கவில்லை. இரவின் பின்பகுதியில் உறக்கத்திலிருந்து எழும் மூளை முழுத் தெளிவுக்கு வர நேரம் பிடிக்கும் என்பதை விசாரணை அறிக்கையே எடுத்துரைத்தது. களைப்பு என்பதை 'சோம்பல்' என்று நினைக்கும் எந்தப் பெரியவருக்கும் இந்த ஒரு விபத்தைப் படித்துக் காட்டுவேன். உங்கள் மருமகன் இருக்கும் இருக்கையும் அந்தத் துணை விமானி இருந்த இருக்கையும் ஒன்றுதான்.

இந்தக் களைப்பு விதிகள் நம் நாட்டில் எப்படி மாறின என்பதே நிர்வாகத்துக்கும் சங்கங்களுக்கும் உள்ள மோதலின் நல்ல எடுத்துக்காட்டு. விமானிகளின் பணி நேரத்தையும் ஓய்வையும் வரையறுக்கும் விதிகளை, விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏ 2024 ஜனவரியில் திருத்தி வெளியிட்டது. வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாயிற்று. இரவு என்பது நள்ளிரவிலிருந்து காலை 6 மணி வரை நீட்டிக்கப்பட்டது. முன்பு அது 5 மணி வரைதான். இரவுத் தரையிறக்கங்களின் எண்ணிக்கை 6லிருந்து 2ஆகக் குறைக்கப்பட்டது. அந்த ஆண்டே நடைமுறைக்கு வந்திருக்க வேண்டிய விதிகள் நிறுவனங்களின் எதிர்ப்பால் தள்ளிப்போயின. விமானிகள் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடிய பிறகே 2025 ஜூலை 1, நவம்பர் 1 என்று இரண்டு கட்டங்களாக அவை நடைமுறைக்கு வந்தன. இரண்டாம் கட்டம் வந்த மறு மாதமே, போதிய விமானிகளை ஏற்பாடு செய்யாத இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. விமான நிலையங்களில் மக்கள் நாள்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். உடனே அந்த நிறுவனத்துக்கு இரவுப் பணி விதிகளிலிருந்து 2026 பிப்ரவரி வரை தற்காலிக விலக்கு அளிக்கப்பட்டது. வார ஓய்வுக்குப் பதிலாக விடுப்பைக் கணக்குக் காட்டக் கூடாது என்ற விதியும் திரும்பப் பெறப்பட்டது. விமானிகள் சங்கங்கள் கண்டித்தன. என் கருத்தும் அதுவே. முன்கூட்டியே தெரிந்திருந்த விதிக்கு ஆயத்தம் செய்யாததன் சுமையை, விதியால் பாதுகாக்கப்பட வேண்டியவரின் உறக்கத்தின்மேல் ஏற்றியது சரியில்லை. இங்கே கவனிக்க வேண்டியது வேறொன்றும் உண்டு. ஊதியத்துக்காக எந்தச் சங்கமும் வேலைநிறுத்தம் செய்யாத போதும் இவ்வளவு பெரிய சிக்கல் எழுந்தது. ஓய்வு விதியைப் பெறுவதற்கே நீதிமன்றம் வரை போக ஓர் அமைப்பு வேண்டியிருந்தது. தனி விமானி ஒருவர் அதைச் செய்திருக்க முடியாது.

இனி, சம்பளம் அதிகம் வாங்குபவர் 'தொழிலாளி' ஆவாரா என்ற கேள்வி. 1947ஆம் ஆண்டின் தொழிற் தகராறுகள் சட்டம் சம்பளத்தைப் பார்த்துத் தொழிலாளி யார் என்று முடிவு செய்யவில்லை. வேலையின் தன்மையைத்தான் பார்த்தது. உடலுழைப்பு, திறன், தொழில்நுட்பம், இயக்கம், எழுத்தர் பணி ஆகியவை அதில் அடங்கும். நிர்வாகப் பணியில் இருப்பவர் வெளியே. மேற்பார்வைப் பணிக்குத்தான் ஊதிய வரம்பு உண்டு. விமானத்தை இயக்குவது நிர்வாகமோ மேற்பார்வையோ இல்லை என்பதால் விமானி தொழிலாளியே என்று டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாகத் தொழில் உறவுகள் தொகுப்பு என்ற புதிய சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதிலும் வரையறையின் அடிப்படை இதுதான். உங்கள் மருமகன் துணை விமானி என்பதால் அவர் நிலை இன்னும் தெளிவானது.

நிறுவனங்களுக்கும் இது நன்றாகத் தெரியும். 2023 ஏப்ரலில் ஏர் இந்தியா கொண்டு வந்த புதிய ஊதிய முறையில், குறிப்பிட்ட ஆண்டுகள் தலைமை விமானியாக இருந்தவர்களை 'நிர்வாகப் பிரிவு' என்று பெயர் மாற்றும் ஏற்பாடும் இருந்தது. பெயர் மாறினால் தொழிலாளர் சட்டப் பாதுகாப்பும் சங்கத்தின் பலமும் போகும் என்று அங்கிருந்த இரண்டு விமானிகள் சங்கங்களும் எதிர்த்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானிகள் கையெழுத்திட்டு ரத்தன் டாடாவுக்கு மனு அனுப்பினார்கள். பறப்பதற்கான படித்தொகைக்கு உறுதி செய்யப்பட்ட நேரம் பெருந்தொற்றுக்கு முன் மாதம் 70 மணி. புதிய முறையில் அது 40 மணி. 'உறுதி செய்யப்பட்ட நேரம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். விமானியின் சம்பளத்தில் பெரும்பகுதி பறந்த மணிக்கணக்கில் வருவது. நிறுவனம் பறக்க வைக்காவிட்டாலும் இத்தனை மணிக்குப் பணம் உண்டு என்பதே உறுதி நேரம். அதைக் குறைத்தால் மாதச் சம்பளம் குறைவதோடு, உடல் நலமில்லாதபோதும் பறந்தாக வேண்டும் என்ற நெருக்கடி விமானிக்கு வந்துவிடும். 2024 தொடக்கத்தில் விஸ்தாரா விமான நிறுவனத்திலும் இதே 70, 40 கணக்கு பெரிய பிரச்சினையாகி, விமானிகள் பற்றாக்குறையால் ஏராளமான விமானங்கள் ரத்தாயின. புதிய ஒப்பந்தம் கையில் வந்ததும் மொத்தத் தொகையைப் பார்க்கும் முன் உறுதி நேரம் எவ்வளவு என்றுதான் பார்க்கச் சொல்லுங்கள்.

சங்கம் வைத்திருப்பதாலேயே எல்லாம் நடந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். 2007ல் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் இணைக்கப்பட்டபோது, இரு தரப்பு விமானிகளின் ஊதியமும் பணிமூப்பும் எப்படிச் சேரும் என்பது தீர்க்கப்படவே இல்லை. 2011 ஏப்ரல் இறுதியில் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் ஊதிய சமத்துவம் கேட்டு 10 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கத்தின் அங்கீகாரம் ரத்தானது, அலுவலகங்களுக்குச் சீல் வைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மே மாதம், போயிங் 787 விமானத்துக்கான பயிற்சியை மற்றத் தரப்புக்கும் கொடுக்கக் கூடாது என்று பழைய ஏர் இந்தியா விமானிகள் 58 நாள் பறக்கவில்லை. 101 பேர் நீக்கப்பட்டார்கள். டெல்லி உயர் நீதிமன்றத்தின் தலையீட்டில்தான் ஜூலை 3 அன்று அது முடிந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு புதிய விமானத்தை யார் ஓட்டுவது என்ற சண்டைக்கு இரண்டு மாதமா என்று தோன்றும். ஆனால் விமானிகள் உலகத்தில் பணிமூப்புப் பட்டியல்தான் எல்லாம். எந்த விமானம், எந்த ஊர், எந்தப் பணிநேரம், எப்போது தலைமை விமானி என்பது எல்லாம் அதில் எத்தனையாவது இடம் என்பதைப் பொறுத்தது. வேறு நிறுவனத்துக்குப் போனால் அந்த இடம் உடன் வராது. பெரும்பாலும் அடியிலிருந்து தொடங்க வேண்டும். அரசு ஊழியர் தாமே கேட்டுப் பெறும் சில பணி மாறுதல்களில் பணிமூப்பு போவதுபோல, ஆனால் அதைவிடப் பன்மடங்கு கடுமையாக. அதனால்தான் வேலை பிடிக்காவிட்டால் விலகிப் போகலாமே என்ற பதில் விமானியிடம் எடுபடாது. ஆனாலும் 2012 போராட்டத்தில் ஒரு தொழிலாளர் பிரிவு இன்னொரு பிரிவுக்கு எதிராக நின்றது எனக்கு இன்றும் வருத்தமளிக்கிறது. நிர்வாகம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தால் போதுமானதாக இருந்தது.

அங்கீகாரம் ரத்து என்ற சொல்லுக்கும் விளக்கம் தேவை. சங்கத்தைப் பதிவு செய்வது வேறு; அதை நிர்வாகம் பேச்சுவார்த்தைக்கு அங்கீகரிப்பது வேறு. பதிவு 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டப்படி கிடைத்துவந்தது. அங்கீகரிக்கும்படி நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்தும் மத்தியச் சட்டம் நெடுங்காலம் இல்லை. புதிய தொகுப்பில் 51 சதவீதத் தொழிலாளரை உறுப்பினராகப் பெற்ற சங்கம் பேச்சுவார்த்தைச் சங்கமாகிறது. எவருக்கும் அந்த அளவு இல்லையென்றால் பல சங்கங்கள் சேர்ந்த பேச்சுவார்த்தைக் குழு. எனவே 'சேரலாமா வேண்டாமா' என்பதில் உங்கள் மருமகனின் ஒரு கையெழுத்துக்கு இன்று முன்பைவிட மதிப்புக் கூடியிருக்கிறது.

சேர்வதால் பழிவாங்கல் வருமா என்பது நியாயமான அச்சம். 2009ல் ஜெட் ஏர்வேஸில் சங்கம் அமைக்க முன்னின்ற இருவரை நிறுவனம் நீக்கியது. செப்டம்பரில் நூற்றுக்கணக்கான விமானிகள் உடல்நலமில்லை என்று விடுப்பெடுத்தார்கள். ஐந்து நாளில் உடன்பாடு ஏற்பட்டு நீக்கப்பட்டவர்கள் திரும்ப வந்தார்கள். அமைப்பின் பலத்தால் கிடைத்தது அது. ஆனால் 'கூட்டு நோய்விடுப்பு' என்ற முறையை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. அமெரிக்காவில் 1999ல் இதே வழியில் போன அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் சங்கம், வேலைக்குத் திரும்பும்படி நீதிமன்றம் இட்ட உத்தரவை மதிக்காததற்காக 4.55 கோடி டாலர் இழப்பீடு கட்டும் நிலைக்கு வந்தது. நம்முடைய புதிய தொகுப்பிலும், ஒரே நாளில் 50 சதவீதமோ அதற்கு மேற்பட்டோரோ சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தால் அது வேலைநிறுத்தமாகவே கருதப்படும். வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். நோயுற்றவர் விடுப்பெடுக்கலாம், களைத்தவர் எழுதிக் கொடுக்கலாம். இரண்டையும் போராட்டக் கருவியாக்கினால், உண்மையாகவே களைத்த ஒருவர் எழுதிக் கொடுக்கும் தாளை நாளை யாரும் நம்ப மாட்டார்கள். உங்கள் மருமகன் தாம் கொடுத்த தாளை இந்தப் போராட்டங்களோடு கலக்காமல் பார்த்துக்கொள்வது மிக முக்கியம்.

ஆத்திரத்தில் எடுக்கும் முடிவு எங்கே கொண்டு போகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் 1989ஆம் ஆண்டுச் சண்டை இருக்கிறது. 29.47 சதவீத ஊதிய உயர்வு கேட்ட விமானிகள், நிறுவனங்கள் தனித்தனியாக வழக்குப் போடுவதைத் தவிர்க்க, 1,600க்கும் மேற்பட்டோர் ஒட்டுமொத்தமாக ராஜினாமா செய்தார்கள். அரசு விமானப்படை விமானங்களைப் பயணிகளுக்கு விட்டது; நிறுவனங்கள் வெளியிலிருந்து ஆளெடுத்தன. பலர் மீண்டும் தம் நாட்டில் பறக்கவே இல்லை. எத்தனை நெருக்கடி வந்தாலும் ராஜினாமாக் கடிதத்தை ஆயுதமாக எடுக்காதீர்கள் என்று என் கட்சிக்காரர்களுக்கு நான் சொல்வது இதுபோன்றவற்றைப் படித்ததால்தான். அதுவும் இந்தியாவில் விமானி நினைத்தவுடன் விலகவும் முடியாது. 2017ல் டிஜிசிஏ தலைமை விமானிக்கு ஓராண்டும் துணை விமானிக்கு ஆறு மாதமும் முன்னறிவிப்புக் காலம் என்று விதித்தது.  2023ல் ஆகாசா ஏர் நிறுவனத்திலிருந்து 43 பேர் முன்னறிவிப்பு முடியாமல் போனபோது நிறுவனம் நீதிமன்றத்துக்குப் போனது. வேறு நிறுவனத்தில் இடம் கிடைத்தாலும் காலத்தைக் கணக்குப் பார்க்காமல் அசையக் கூடாது.

வேலைநிறுத்தம் நிறுவனத்தைப் பாதிப்பதைவிடக் கூடுதலாக எளிய பயணியைப் பாதிக்கும் என்பதையும் நான் மறைக்கவில்லை. 1993 ஜனவரியில் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் வேலைநிறுத்தத்தில் இருந்தபோது, உஸ்பெகிஸ்தானிலிருந்து ஊழியரோடு வாடகைக்கு எடுத்த டுபோலெவ் விமானம் ஒன்று மூடுபனியில் டெல்லியில் தரையிறங்கும்போது கவிழ்ந்தது. நல்வாய்ப்பாக யாரும் இறக்கவில்லை. சண்டை தீராமல் நீளும்போது இடைவெளியை எதைக் கொண்டு நிரப்புவார்கள் என்பதற்கு அது ஓர் எச்சரிக்கை. நம் ஊர்ப் போக்குவரத்துக் கழகத்தில் ஊதிய ஒப்பந்தப் பேச்சு இழுத்தடிக்கப்படும்போது, பழக்கமில்லாத தற்காலிக ஓட்டுநர்களை வைத்து வண்டி எடுக்கச் சொல்வதைப் பார்த்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது.

இப்போது உங்கள் மருமகனின் மெமோவுக்கு வருகிறேன். இதுதான் முக்கியம் என்பதால் பொறுமையாகப் படியுங்கள்.

விமானிக்கு இரண்டு தனித்தனி ஒழுங்கு அதிகாரங்கள் உண்டு. ஒன்று உரிமத்தின்மேல் டிஜிசிஏவுக்கு உள்ள அதிகாரம். உதாரணமாக மூச்சுப் பரிசோதனையில் மது தெரிந்தால் முதல் முறை 3 மாதம், இரண்டாம் முறை 3 ஆண்டு உரிமம் நிறுத்தம்; மூன்றாம் முறை ரத்து. அதில் சங்கம் குறுக்கே நிற்கக் கூடாது, நிற்பதும் இல்லை. மற்றது வேலையின்மேல் நிறுவனத்துக்கு உள்ள அதிகாரம். உங்கள் மருமகனுக்கு வந்திருப்பது இந்த இரண்டாவது வகை. இதில் நிறுவனம் நினைத்ததையெல்லாம் செய்துவிட முடியாது. மெமோவில் குற்றச்சாட்டு தெளிவாக இருக்க வேண்டும்; விளக்கத்துக்கு அவகாசம் வேண்டும்; விளக்கம் ஏற்கப்படாவிட்டால் உள்விசாரணை நடத்த வேண்டும்; ஆவணங்களைப் பார்க்கவும் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும் வாய்ப்புத் தர வேண்டும். விசாரணை முடியும்வரை இடைநீக்கம் செய்தால் முதல் 90 நாளுக்குப் பாதி ஊதியமும் அதன்பின் முக்கால் பங்கும் பிழைப்பூதியமாகத் தர வேண்டும். குற்றம் நிரூபணமானாலும் தண்டனை அளவுக்கு மீறியது என்றால் அதைக் குறைக்கும் அதிகாரம் தொழில் தீர்ப்பாயத்துக்கு உண்டு. 1971ல் சட்டத்தில் சேர்ந்த அந்தப் பிரிவால் மேட்டூரிலும் சேலத்திலும் எத்தனையோ குடும்பங்கள் பிழைத்திருக்கின்றன.

இதற்கு மேலும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. அதுதான் சங்கத்தோடு சேர்ந்தது. ஒரு தகராறு தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன் நிலுவையில் இருக்கும்போது, அது தொடர்பான குற்றச்சாட்டின் பேரில் தொழிலாளியை அனுமதியில்லாமல் நீக்கவோ, அவருடைய பணி நிலைமைகளை மாற்றவோ கூடாது. பழைய சட்டத்தில் 33ஆம் பிரிவாக இருந்த இது புதிய தொகுப்பிலும் தொடர்கிறது. இது எவ்வளவு விரைவாகப் பயன் தரும் என்பதை 2024 மே மாதத்தில் பார்த்தோம். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானப் பணியாளர்கள் திரளாக நோய்விடுப்பில் போனார்கள். நிறுவனம் 25 பேரை நீக்கியது. இரண்டொரு நாளில் டெல்லியில் மத்தியத் தொழிலாளர் ஆணையர் முன் இரு தரப்பும் உட்கார்ந்தன. நீக்கம் திரும்பப் பெறப்பட்டது, பணியாளர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். அங்கே பேசியது அவர்களுடைய சங்கம். வேலை நீக்கம் தவிர மற்றப் பிரச்சினைகளுக்குத் தனியாளாக ஒருவர் அந்த மேசைக்கு வருவது இயலாது.

இதில் ஓர் இடத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் இதைத் தவறாகப் புரிந்துகொண்டு மாதக்கணக்கில் அலைபவர்கள் உண்டு. விமானப் போக்குவரத்துத் தொழிலுக்கு உரிய அரசு மத்திய அரசு. ஆகவே சேலத்தில் இருக்கும் மாநிலத் தொழிலாளர் அலுவலகத்துக்கோ, சேலம் தொழிலாளர் நீதிமன்றத்துக்கோ மனுப் போட்டால் பயனில்லை. சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரத்தில் விமானம் இறங்குவதாலேயே வழக்கு இங்கே வந்துவிடாது. மத்தியத் தொழிலாளர் ஆணையரின் சமரச அலுவலரும், அதன் பிறகு சென்னையில் உள்ள மத்திய அரசின் தொழில் தீர்ப்பாயமும்தான் வழி. வேலை நீக்கம் என்று போய்விட்டால் தனியாளாகவும் தீர்ப்பாயத்தை அணுகலாம். புதிய தொகுப்பில் அதற்கு 2 ஆண்டுதான் அவகாசம், முன்பு 3 ஆண்டு இருந்தது.

ஒப்பந்தத்தைப் பற்றி இன்னும் சில சொல்கிறேன். ஆலைத் தொழிலாளருக்குப் பன்னிரண்டு மூன்று, பதினெட்டு ஒன்று என்று நாங்கள் பேசும் இரண்டு வகை ஒப்பந்தங்கள் பழைய சட்டத்தில் இருந்தன. சமரச அலுவலர் முன் போட்ட 12(3) ஒப்பந்தம் கையெழுத்திடாதவரையும் சேர்த்து எல்லாத் தொழிலாளரையும் கட்டுப்படுத்தும். தனியாகப் போட்ட 18(1) கையெழுத்திட்டவரை மட்டும். தனியார் விமான நிறுவனங்களில் பெரும்பாலும் நடப்பது இரண்டும் இல்லை. ஒவ்வொரு விமானியிடமும் தனித்தனியாக ஒரு தாளை நீட்டுவதுதான். அமெரிக்காவில் அப்படி இல்லை. 1926ல் ரயில்வேக்கு வந்து 1936ல் விமானத் துறைக்கும் நீட்டிக்கப்பட்ட சட்டத்தில் ஒப்பந்தம் முழுச் சங்கத்தோடும்தான். அது காலாவதி ஆவதே இல்லை, புதியது வரும்வரை பழையது தொடரும். தண்டனை பற்றிய முறையீடு நடுவர் அடங்கிய குழுவுக்குப் போகும். அங்கே விமானிகள் சங்கம் 1931ல் தொடங்கியது. அந்த நீண்ட காலத்தில் அவர்கள் பெற்றதை நாம் ஒரே நாளில் கேட்கவில்லை. ஆனால் தாளில் மூன்று இடங்களை மட்டும் விரல் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

'நிறுவனம் அவ்வப்போது மாற்றும் கொள்கைகளுக்கு உட்படுவேன்' என்ற வாக்கியம் இருந்தால், இன்று எழுதியிருக்கும் எந்தத் தொகையும் நாளை நிலைக்காது. களைப்பு அறிக்கை, தரையிறங்காமல் சுற்றி வருவது ஆகியவற்றுக்குத் தண்டனை இல்லை என்று வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறதா என்பது அடுத்தது. பல நிறுவனங்கள் இதைக் கையேட்டில் எழுதி வைத்திருந்தாலும் ஒப்பந்தத்தில் சேர்ப்பதில்லை. மூன்றாவது, விமானத்தின் கருவிகள் பதிவு செய்யும் தரவை ஒழுங்கு நடவடிக்கைக்குப் பயன்படுத்தலாமா என்பது. ஒவ்வொரு தரையிறக்கத்தின் அதிர்வும் வேகமும் பதிவாகும் காலத்தில் இது சாதாரணப் பிரிவு இல்லை. விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் இனி விபத்து நேராமல் தடுப்பது, குற்றவாளியைத் தேடுவது இல்லை என்று சர்வதேச விதி சொல்கிறது. அன்றாடத் தரவுக்கும் அதே மனம் வேண்டும். சற்று வேகமாகத் தரையைத் தொட்டதற்கு மெமோ வரும் என்றால், விமானி மென்மையாகத் தொடுவதற்காக ஓடுபாதையில் நெடுந்தூரம் மிதந்து வருவார். அது இன்னும் ஆபத்து.

ஆகவே, நீங்கள் சொல்வது தவறா என்றால், சங்கத்தில் சேர வேண்டாம் என்பது தவறுதான், ஐயா. போராட்டத்தில் கண்மூடி இறங்க வேண்டாம் என்று சொல்லுங்கள், அது சரி. புதிய ஒப்பந்தத்தில் மெமோ தீரும்வரை கையெழுத்திட வேண்டாம். மெமோவுக்கு உரிய நாளுக்குள் பதில் போக வேண்டும்; பதிலில் கோபமோ மன்னிப்போ இருக்கக் கூடாது. அந்த வாரத்துப் பணிப்பட்டியலின் நகல், இரண்டு இரவும் பணியில் சேர்ந்த நேரமும் இறங்கிய நேரமும், களைப்பு அறிக்கை கொடுத்த நேரமும் யாரிடம் கொடுத்தார் என்பதும், பொருந்தும் டிஜிசிஏ விதி எண்ணும் அதில் இருக்க வேண்டும். தம்மிடம் இல்லாத ஆவணங்களை நிறுவனம் தர வேண்டும் என்று கேட்டு ஒரு வரியும், விசாரணை நடந்தால் உடன் பணிபுரிபவர் ஒருவரைத் துணைக்கு அழைத்து வர அனுமதி கேட்டு ஒரு வரியும் சேர்க்க வேண்டும். மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுப் பதிவுத் தபாலிலும் அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். ஏழு நாளில் மூன்று நாள் போய்விட்டது என்று எழுதியிருந்தீர்கள். மெமோவின் நகலையும் பணிப்பட்டியலையும் நாளைக் காலை பேருந்தில் யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள், வரைவை அன்று மாலையே எழுதித் தருகிறேன்.